பிரெக்ஸிட்டை ஜெயிக்க வைத்தது ஃபேஸ்புக்கா? கட்சிப் பட்டியல், விளம்பரம், விசுவாசம் பற்றி ஒரு நீண்ட இழை

வாசகர் கேள்வி, 24 மே 2024

"ரிஷி சுனக் தேர்தல் தேதியை அறிவித்ததிலிருந்து எங்கள் அலுவலகத்தில் மறுபடியும் பழைய பேச்சு. 2016-இல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா ஃபேஸ்புக் தகவலைத் திருடித்தான் பிரெக்ஸிட்டை ஜெயிக்க வைத்தது, இல்லையென்றால் ஜனங்கள் தங்கள் கட்சி சொன்னபடியே போட்டிருப்பார்கள் என்கிறார்கள். நீங்கள் கட்சி வேலைக்காக லண்டனில் ஹாரோ பக்கம் வீடு வீடாகப் போனவர். இது உண்மையா?"

24 மே 2024, இரவு

பிரெக்ஸிட் என்பது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறுவது. 2016 ஜூனில் அதற்குப் பொது வாக்கெடுப்பு நடந்தது; வெளியேறலாம் என்ற பக்கம் 'லீவ்', இருக்கலாம் என்ற பக்கம் 'ரிமெயின்'. இரண்டு வேறு கதைகள் இதில் ஒன்றாகிவிட்டன. முதலில் பிரித்துக்கொள்வோம்.

கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா, தேர்தல் பிரசாரங்களுக்கு வாக்காளர் தகவலை அலசித் தந்த நிறுவனம். அதன் விவகாரம் 2018 மார்ச்சில் வெடித்தது. அலெக்ஸாண்டர் கோகன் என்ற ஆராய்ச்சியாளர் ஃபேஸ்புக்கில் ஓர் ஆளுமைத் தேர்வுச் செயலி விட்டிருந்தார். அதில் கலந்துகொண்டவர்கள் 3 லட்சம் பேர் இருக்கலாம். ஆனால் அன்றைய ஃபேஸ்புக் விதிப்படி அவர்களுடைய நண்பர்களின் விவரமும் அவரிடம் சேர்ந்தது, அவர் வழியாக அந்த நிறுவனத்துக்குப் போனது. ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்ட கணக்கு 8.7 கோடி பேர் வரை; பிரிட்டனில் சுமார் 10 லட்சம். தகவல் பாதுகாப்பு ஆணையரின் அலுவலகம், அதாவது ஐசிஓ, ஃபேஸ்புக்குக்கு 5 லட்சம் பவுண்ட் அபராதம் விதித்தது. அன்றைய சட்டத்தில் அதற்கு மேல் போட வழியில்லை.

அதே அலுவலகம் 2020 அக்டோபரில் நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், ஒன்றியத்தை எதிர்த்த யுகிப் கட்சியின் தகவல் தொடர்பாக ஆரம்பத்தில் நடந்த சில விசாரிப்புகளைத் தவிர, கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா பிரெக்ஸிட் பிரசாரத்தில் ஈடுபடவில்லை என்று முடிவாகச் சொன்னது. உங்கள் அலுவலக நண்பர்கள் நம்புவதற்கும் காரணம் இருக்கிறது. 2015 நவம்பரில் தொழிலதிபர் ஆரன் பேங்க்ஸின் 'லீவ்.ஈயூ' அமைப்பு நடத்திய செய்தியாளர் கூட்டத்தில் அந்த நிறுவனத்தின் பிரிட்டனி கைசர் மேடையிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆனால் லீவ்.ஈயூ அதிகாரபூர்வ பிரசாரக் குழு அல்ல. அந்தத் தகுதி 'வோட் லீவ்' குழுவுக்குத்தான் கிடைத்தது. வோட் லீவ் பணம் கொடுத்தது கனடாவின் விக்டோரியா நகரில் இருந்த 'அக்ரிகேட் ஐக்யூ' என்ற சின்ன இணைய விளம்பர நிறுவனத்துக்கு. செலவு உச்சவரம்பு 70 லட்சம் பவுண்ட். அதில் சுமார் 27 லட்சம் அந்த ஒரே நிறுவனத்துக்குப் போனது. ஃபேஸ்புக் பற்றிப் பேச வேண்டுமென்றால் இதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

25 மே 2024

கட்சி சொன்னபடி போட்டிருப்பார்கள் என்ற பாதிக்கு வருகிறேன். எந்தக் கட்சி சொன்னபடி?

டோரி, அதாவது கன்சர்வேட்டிவ் கட்சிப் பிரதமர் டேவிட் கேமரன் ஒன்றியத்தில் இருக்கலாம் என்றார். அவருடைய அமைச்சர்களிலேயே சிலர் வெளியேறலாம் என்று ஊர் ஊராகப் போனார்கள். எதிர்க்கட்சியான லேபரின் எம்பிகளில் பெரும்பாலோர் ரிமெயின். ஆனால் வோட் லீவின் தலைவராக இருந்த கிசெலா ஸ்டூவர்ட் லேபர் எம்பி. லேபர் தலைவர் ஜெரமி கோர்பின் ஒரு டிவி நிகழ்ச்சியில், ஒன்றியத்தின் மேல் தன் உற்சாகம் பத்துக்கு ஏழு, ஏழரை என்றார். வாக்கெடுப்பு அன்று ஆஷ்கிராஃப்ட் பிரபு நடத்திய கருத்துக்கணிப்பில், 2015-இல் டோரிக்குப் போட்டவர்களில் 58% லீவ், லேபருக்குப் போட்டவர்களில் 63% ரிமெயின். இரண்டு பெரிய கட்சிகளுமே நடுவில் கிழிந்திருந்தன.

வேலை செய்தவனாக இதை நேரிலேயே பார்த்தேன். வீடு வீடாகப் போகும்போது கையில் ஓர் அட்டை, அதில் தெருவாரியாக அச்சடித்த தாள். வீட்டு எண், பெயர், பழைய தேர்தல்களில் வாக்களித்தாரா, கடைசியாகக் கேட்டபோது எந்தக் கட்சி என்று சொன்னார், எல்லாம் அதில் ஒற்றை எழுத்துக் குறியீடாக இருக்கும். நம்மவர், எதிர்ப்பு, சந்தேகம், சொல்ல மறுத்தார். 2015 பொதுத் தேர்தலில் அந்தக் குறியீடு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அடுத்த வருடம் அதே தெருக்களில் அதே தாளோடு போனால் ஒன்றும் பொருந்தவில்லை. 'நம்மவர்' என்று இருந்த வீட்டில் அப்பா லீவ், அம்மா ரிமெயின், மகன் இன்னும் பெயரே பதியவில்லை. 'எதிர்ப்பு' என்று நாங்கள் தாண்டிப்போகும் வீட்டு அம்மா உள்ளே கூப்பிட்டு, ரிமெயினுக்குத்தான் போடப்போகிறேன் என்றார்.

நான் எந்தக் கட்சிக்காகப் போனேன் என்பது இங்கே வேண்டாம். எல்லாக் கட்சித் தாளும் இப்படித்தான்.

27 மே 2024

முந்தைய குறிப்பின் அடுத்த பாதி இது. கட்சிகளிடம் இருந்த பல வருடத் தகவல் பயன்படாமல் போனது. வோட் லீவிடம் தகவலே கிடையாது. புதிதாக முளைத்த குழு. யார் நம் பக்கம் வரக்கூடும் என்று பூஜ்ஜியத்திலிருந்து கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு அவர்கள் வைத்த வலை கால்பந்து. 2016 ஐரோப்பியக் கோப்பையின் 51 ஆட்டங்களின் முடிவையும் சரியாகக் கணித்தால் 5 கோடி பவுண்ட் பரிசு என்று ஒரு போட்டி. ஏன் 5 கோடி? பிரிட்டன் ஒன்றியத்துக்குத் தினமும் கொடுப்பதாக அவர்கள் சொல்லிவந்த தொகை அதுதான். கலந்துகொள்ளப் பெயர், முகவரி, மின்னஞ்சல், போன் நம்பர் கொடுக்க வேண்டும். வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் போடுவீர்கள் என்ற கேள்வியும் உண்டு. அரசியல் நோட்டீஸ் கொடுத்தால் குப்பையில் போடுகிற, ஆனால் கால்பந்து என்றால் நிற்கிற ஆளுடைய கைபேசி எண் இப்படித்தான் கிடைத்தது.

பிறகு அந்த எண்களுக்குக் குறுஞ்செய்தி போனது. முறையான சம்மதத்துக்கு ஆதாரமில்லாமல் 1,96,154 குறுஞ்செய்தி அனுப்பியதற்காக ஐசிஓ 2019 மார்ச்சில் வோட் லீவுக்கு 40,000 பவுண்ட் அபராதம் போட்டது. வாக்கெடுப்பு முடிந்து மூன்று வருடம் ஆகப்போகும் நேரத்தில்.

27 மே 2024, பின்னிரவு

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்படியென்றால் விளம்பரத்தால் யாரும் மனம் மாறவில்லையா?"

வாசலில் பார்த்த வரையில், பத்து வருடமாக ரிமெயின் மனநிலையில் இருந்தவர் ஒரு விளம்பரம் பார்த்து லீவ் ஆனதாக எனக்குத் தெரியவில்லை. யோசிக்க யோசிக்க வேறொன்று பெரிதாகத் தெரிகிறது. 2015 பொதுத் தேர்தலில் வாக்குப்பதிவு 66%. வாக்கெடுப்பில் 72.2%. தேர்தலுக்கே வராதவர்கள் லட்சக்கணக்கில் வந்தார்கள். எங்கள் தாளில், முந்தைய தேர்தல்களில் வாக்களிக்காத வீட்டை நாங்கள் தட்டுவதேயில்லை. ஆள் பற்றாக்குறை, நேரமில்லை, போடாதவரிடம் போய் என்ன பேசுவது என்ற கணக்கு. வருடக்கணக்காக எந்தக் கட்சியும் தட்டாத அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்களிடம் ஃபேஸ்புக் வழியாக வோட் லீவ் பேசியது. லீவ் ஜெயித்த வித்தியாசம் 12.7 லட்சம் வாக்கு. இதில் எவ்வளவு விளம்பரத்தால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பேச ஆளில்லாமல் கிடந்தவர்களிடம் பேசியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

30 மே 2024

வோட் லீவின் ஃபேஸ்புக் விளம்பரங்களை நேரில் பார்க்காதவர்களுக்காக. 2018 ஜூலையில் நாடாளுமன்றக் குழு கேட்டதற்கிணங்க ஃபேஸ்புக் அவற்றைக் கொடுத்தது, குழு வெளியிட்டது. அன்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

துருக்கியின் 7.6 கோடி மக்கள் ஒன்றியத்தில் சேரப்போகிறார்கள் என்று ஒன்று. (துருக்கி சேரும் நிலையில் இல்லை, எல்லா உறுப்பு நாடுகளும் ஒப்புக்கொண்டால்தான் எவரும் சேர முடியும், பிரிட்டனும் தடுத்திருக்கலாம்.) காளைச் சண்டையைக் காட்டி மிருகங்கள்மேல் இரக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று. பனிக்கரடி படம் போட்டு ஒன்று. ஒன்றியம் உங்கள் தேநீரை ஒழிக்கப் பார்க்கிறது என்று தேநீர்க் கெண்டி சம்பந்தமாக ஒன்று.

என்னை உலுக்கியது பொய் மட்டும் அல்ல. வாரம் 35 கோடி பவுண்ட் ஒன்றியத்துக்குப் போகிறது என்று எழுதிய வோட் லீவ் பஸ்ஸும் பொய்தான், ஆனால் அது தெருவில் ஓடியது. புள்ளிவிவர ஆணையம் கண்டித்தது, டிவியில் சண்டை நடந்தது, நாங்களும் வாசலில் பதில் சொன்னோம். பனிக்கரடி விளம்பரம் யாருக்குக் காட்டப்பட்டதோ அவருக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு விளம்பரம், எனக்கு எதுவுமே இல்லை. கேட்காத குற்றச்சாட்டுக்கு எப்படிப் பதில் சொல்வது? வோட் லீவை இயக்கிய டொமினிக் கம்மிங்ஸ், கிட்டத்தட்ட 100 கோடி விளம்பரம் காட்டியதாகவும், பெரும்பகுதி கடைசி நாட்களில் என்றும் தானே எழுதினார். நாங்கள் அந்தக் கடைசி நாட்களில் தெருவில்தான் இருந்தோம். ஒன்றும் கண்ணில் படவில்லை.

காகித நோட்டீஸ் என்றால் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் முகவரி அடியில் இருக்க வேண்டும் என்று பழைய சட்டம் உண்டு. அந்த ஒரு வரி இல்லாமல் போனால் கட்டு முழுவதையும் திரும்ப அச்சிட வேண்டும். இணைய விளம்பரத்துக்கு அது 2016-இல் கிடையாது. 2023 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

1 ஜூன் 2024

"லீவ் தரப்பை மட்டும் சொல்கிறீர்கள், ரிமெயின் யோக்கியமா?" என்று கோபமாக ஒருவர். நியாயமான கேள்வி.

அரசாங்கம் 93 லட்சம் பவுண்ட் செலவில் வீட்டுக்கு வீடு ரிமெயின் நோட்டீஸ் அனுப்பியது. அது பொதுமக்கள் பணம். லிபரல் டெமாக்ராட் கட்சி தன்னிடமிருந்த வாக்காளர் பட்டியல் தகவலை ரிமெயின் குழுவுக்குச் சுமார் ஒரு லட்சம் பவுண்டுக்கு விற்றதும் ஐசிஓ அறிக்கையில் உண்டு. 2017 தேர்தலை ஒட்டி இன்னொன்று: 'எம்மாஸ் டைரி' என்று கர்ப்பிணிகளுக்கு ஆலோசனையும் இலவசப் பைகளும் தரும் ஒரு சேவை, 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை லேபர் கட்சியின் பயன்பாட்டுக்காக விற்றது. அபராதம் 1,40,000 பவுண்ட். குழந்தை பிறக்கப்போகிறதே என்று டயப்பர் மாதிரிக்காகப் பெயர் கொடுத்த தாய், தேர்தல் பட்டியலில் ஒரு வரி ஆனார். இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பண விஷயத்தில் இரண்டும் ஒன்று என்று சொல்ல முடியாது. வோட் லீவ் தன் வரம்பை நெருங்கியதும், 'பி லீவ்' என்ற இளைஞர் குழுவின் பெயரில் 6 லட்சம் பவுண்டுக்கு மேல் அதே அக்ரிகேட் ஐக்யூவுக்குப் போனது. தேர்தல் ஆணையம் இதைக் கூட்டுச் செலவு என்று முடிவு செய்து, வரம்பை 4,49,079 பவுண்ட் மீறியதாகச் சொல்லி 2018 ஜூலையில் 61,000 பவுண்ட் அபராதம் போட்டது. (பி லீவை நடத்திய இளைஞருக்குப் போட்ட 20,000 பவுண்ட் அபராதத்தை நீதிமன்றம் 2019-இல் ரத்து செய்தது. அதையும் சொல்ல வேண்டும்.) வட அயர்லாந்தின் டியூபி கட்சி 2,82,000 பவுண்ட் கொடுத்து 'மெட்ரோ' பத்திரிகையைச் சுற்றி லீவ் விளம்பரம் போட்டது. வட அயர்லாந்தில் அந்தப் பத்திரிகை கிடைப்பதே இல்லை!

4 ஜூன் 2024

இழை கொஞ்சம் விலகுகிறது, பரவாயில்லை. நம் தமிழர்கள் விஷயம் ஒன்று.

2016 ஜூனுக்கு ஒரு மாதம் முன்னால் லண்டன் மேயர் தேர்தல். டோரி வேட்பாளர் சாக் கோல்ட்ஸ்மித்தின் பிரசாரத்திலிருந்து தமிழர்களுக்கென்று தனிக் கடிதம் போனது பெரிய செய்தியானது. தமிழர் வீடுகளில் தங்கமும் குடும்ப நகையும் இருப்பதால் திருடர்கள் குறிவைக்கிறார்கள் என்ற கரிசனம் அதில் இருந்தது. குடும்ப நகைக்கும் லேபர் வரி போடும் என்ற பயமுறுத்தலும் அந்தப் பிரசாரத்தில் உண்டு. குஜராத்திகளுக்கு வேறு கடிதம், சீக்கியர்களுக்கு வேறு. வாக்காளர் பட்டியலில் பெயரைப் பார்த்து சாதி, இனம் ஊகிக்கும் வேலைக்கு ஃபேஸ்புக் தேவைப்படவில்லை. கடிதத்தை யாராவது எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கலாம் என்பதால்தான் அது வெளியே வந்தது.

அடுத்து, வாக்குரிமை. காமன்வெல்த் குடிமக்கள் இங்கே சட்டப்படி வசித்தால் வாக்களிக்கலாம். சென்னையிலிருந்து படிக்க வந்து சில மாதமான பையன் பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் போட்டான். எங்கள் தெருவில் ஹாலந்திலிருந்து வந்த ஓர் ஈழத்தமிழ் அக்கா இருக்கிறார். டச்சுக் கடவுச்சீட்டு. பிள்ளைகளை இங்கிலீஷில் படிக்க வைக்கத்தான் குடும்பத்தோடு வந்தார். பல வருடம் இங்கே வரி கட்டியவர். அவருக்கு வாக்கு இல்லை. "என்ர இருப்பைப் பற்றித்தான் கேக்கிறாங்கள், என்னைத் தவிர எல்லாரிட்டயும் கேக்கிறாங்கள்" என்றார். அப்புறம் அவர் இங்கேயே தொடர்ந்து இருப்பதற்கு விண்ணப்பம் போட வேண்டி வந்தது.

அதே சமயம் டோரி அமைச்சர் ப்ரீத்தி படேல், நம் கறி உணவகங்களைக் காப்பாற்றுங்கள் என்று லீவுக்கு ஆதரவு கேட்டார். ஐரோப்பியர் வருவது நின்றால் உங்கள் ஊர் சமையல்காரருக்கு விசா கிடைக்கும் என்று அதற்கு அர்த்தம். நம் ஆட்கள் பலர் அதை நம்பி லீவ் போட்டார்கள். 2022-இல் நிகரக் குடியேற்றம் (வந்தவர்களில் போனவர்களைக் கழித்தது) 7 லட்சத்தைத் தாண்டியதும், எதிர்பார்த்தது இதல்ல என்று லீவ் போட்ட மற்றவர்கள் கொதித்தார்கள். 2024 மார்ச்சிலிருந்து பராமரிப்பு வேலைக்கு வந்தவர்கள் மனைவி மக்களைக் கூட்டிவர முடியாமல் போனது. ஒரே வாக்குக்கு இரு கூட்டத்துக்கும் எதிரெதிர் வாக்குறுதி போயிருந்தது.

9 ஜூன் 2024

விசுவாசம் என்ன ஆனது என்று கேட்டவருக்கு.

2016-க்குப் பிறகு ஜனங்கள் தங்களை டோரி, லேபர் என்பதைவிட லீவர், ரிமெய்னர் என்றே உறுதியாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். கட்சிகள் அதற்கேற்ப உடைந்தன. 2019 பிப்ரவரியில் ஏழு லேபர் எம்பிகள் வெளியேறினார்கள், சில நாளில் மூன்று டோரிகள் அவர்களோடு சேர்ந்தார்கள். மே மாத ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஆளும் டோரி 9% வாக்கோடு ஐந்தாம் இடம்; சில மாதமே ஆன பிரெக்ஸிட் கட்சி முதலிடம். செப்டம்பரில் புதிய பிரதமர் போரிஸ் ஜான்சன் 21 எம்பிகளைக் கட்சி அணியிலிருந்து நீக்கினார். அதில் ஒருவர் சர்ச்சிலின் பேரன்.

அந்த டிசம்பர் தேர்தலுக்காக இங்கிலாந்தின் நடுவிலுள்ள மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு பழைய சுரங்க ஊருக்குப் போனோம். ஐந்து மணிக்கே இருட்டு, தாள் மழையில் நனைந்து பேனா எழுதவில்லை. ஒரு வீட்டில் எழுபது வயதுக்கு மேற்பட்ட பெண்மணி. தாளில் 'நம்மவர்' என்று இருந்தது, பதிந்த தேதி 2010. "என் அப்பா, தாத்தா எல்லோரும் உங்கள் கட்சிதான். கடைசியாக உங்கள் ஆள் ஒருவர் இந்த வாசலில் நின்றது எப்போது என்று அதில் எழுதியிருக்கிறதா?" என்று என் கையிலிருந்த அட்டையைக் காட்டிக் கேட்டார். குரலில் கோபம் இல்லை. கதவையும் உடனே சாத்தவில்லை. நான் தேதியைச் சொல்லவில்லை.

மிட்லண்ட்ஸிலேயே உள்ள போல்ஸோவர் தொகுதி, உருவான 1950-லிருந்து லேபரிடம் இருந்தது. டென்னிஸ் ஸ்கின்னர் 1970-இலிருந்து எம்பி. அந்த வட்டாரத்தில் 70.8% லீவ். 2019-இல் அவர் தோற்றார். டோனி பிளேரின் பழைய தொகுதி செட்ஜ்ஃபீல்டும் போனது. ஃபேஸ்புக் ஒரு மாதத்தில் இதைச் செய்துவிட்டது என்று சொன்னால், அந்த 2010 தேதிக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றாகிவிடும். எனக்கு அதில்தான் ஆட்சேபம்.

5 ஜூலை 2024

தூங்கவில்லை. நேற்றைய பொதுத் தேர்தலில் லேபர் 411 இடம், வாக்கு 34%-க்குள். பிரெக்ஸிட் கட்சியின் புதுப் பெயரான ரிஃபார்ம் 14% வாங்கி 5 இடம். டோரி 121. போல்ஸோவர் லேபருக்குத் திரும்பியது. எங்கள் ஹாரோ கிழக்கு மட்டும் டோரியாகவே நின்றது, அதுவும் பாதிக்கு மேல் வாக்கோடு. 2015-இல் இதே ஹாரோ கிழக்கில் தோற்ற உமா குமரன், ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போவில் ஜெயித்து முதல் தமிழ் எம்பி ஆகியிருக்கிறார். அதில் மனதுக்கு நிறைவு.

வாக்குப்பதிவு 60%-ஐ எட்டவில்லை. 2016-இல் புதிதாக வந்தவர்களில் பலர் மறுபடி வீட்டிலேயே இருந்துவிட்டிருக்கலாம். இவர்கள் பெயர் அடுத்த தாளில் மறுபடி விடுபடும் என்ற கவலை எனக்கு இருக்கிறது. ஜெயித்த கட்சிக்காரர்கள் இப்போதே அந்த வீடுகளுக்குப் போக வேண்டும். தேர்தலுக்கு நாலு வருடம் இருக்கும்போது.

8 ஜூலை 2024

பலர் தனிச் செய்தியில் கேட்டது: கட்சிகளிடம் என் விவரம் என்ன இருக்கிறது, எப்படித் தெரிந்துகொள்வது?

கட்சியின் வலைத்தளத்தில் தகவல் பாதுகாப்பு மின்னஞ்சல் இருக்கும். உங்கள் பெயர், முகவரியோடு, என்னைப் பற்றி வைத்திருக்கும் எல்லாத் தகவலையும் ஊகங்களையும் மதிப்பெண்களையும் அனுப்புங்கள் என்று எழுதுங்கள். அடையாளச் சான்று கேட்பார்கள். கட்டணம் கிடையாது, பொதுவாக ஒரு மாதத்தில் பதில் தர வேண்டும். 'ஊகம்' என்பதை மறக்காமல் எழுதுங்கள். எனக்கு ஒரு கட்சியிடமிருந்து வந்த பதிலில், நான் சொல்லாத வயதும், வருமானப் பிரிவும், லீவா ரிமெயினா என்ற மதிப்பெண்ணும் இருந்தன. வேண்டாம் என்றால், நேரடிப் பிரசாரத்துக்கு என் தகவலைப் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதலாம், அதை அவர்கள் கேட்டே ஆக வேண்டும். திறந்த வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது வியாபார நிறுவனங்களைத்தான் தடுக்கும். முழுப் பட்டியல் கட்சிகளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். வேட்பாளரின் இலவசத் தபால் நோட்டீஸும் வரும்.

விளம்பரம் யார் கொடுத்தது என்று பார்க்க ஃபேஸ்புக்கின் விளம்பர நூலகம் இருக்கிறது. பிரிட்டனில் 2018 இறுதியிலிருந்து அரசியல் விளம்பரங்கள் அதில் சேர்கின்றன. கட்சியின் பெயரைத் தேடினால் போதாது, சம்பந்தமில்லாத பெயருள்ள பக்கங்களையும் தேடுங்கள். உங்களுக்கு வந்த பதில்களை, முகவரியை மறைத்துவிட்டு, இங்கே போடுங்கள். ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பேருக்கு என்ன மதிப்பெண் போட்டிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஹாலந்து அக்காவும் எழுதியிருக்கிறார். பொதுத் தேர்தலில் வாக்கில்லாவிட்டாலும் உள்ளாட்சிப் பட்டியலில் அவர் பெயர் உண்டு. பதில் வந்ததும் சொல்கிறேன்.